பழைய 520டி வாங்கியாச்சு, ராயபுரத்தில் வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது?

ராயபுரம்_ரைடர்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாள் ஆசை, ஒருவழியாக நிறைவேறியது. 2013 மாடல் பிஎம்டபிள்யூ 520டி, எஃப்10 (அந்தத் தலைமுறை 5 சீரிஸுக்குக் கம்பெனி வைத்த குறியீடு), டீசல், கருநீலம், மூன்றாவது ஓனராக நான். மீட்டரில் 92,000 காட்டுகிறது, பாதி வரைக்கும் சர்வீஸ் பில் இருக்கிறது, அதற்கப்புறம் வெளியில் பார்த்திருக்கிறார்கள். வாங்கிய விலை போக கையில் இரண்டு லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதை எதில் போடுவது என்பதுதான் வீட்டில் ஓடும் சண்டை. என் கணக்கு: செராமிக் கோட்டிங், மஞ்சளாகிப் போன ஹெட்லைட், சீட் லெதர், அலாய் வீலுக்குப் புது பெயிண்ட். மச்சான் கணக்கு: முதலில் லிஃப்டில் ஏற்றி அடியைப் பார், மேலே பவுடர் அடிப்பதெல்லாம் அப்புறம்.

வண்டியில் நான் கவனித்தவை: மெதுவாகப் போகும்போது முன்பக்கம் இடது வீலில் 'டொக்' என்று ஒரு சத்தம், ஸ்பீட் பிரேக்கரில் நன்றாகக் கேட்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டால் ஏசி சூடாகிவிடுகிறது, வண்டி ஓடினால் மறுபடியும் ஜில். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் லேசாக ஒரு உதை. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று கம்பெனி சர்வீஸில் சொல்கிறார்கள், வெளி மெக்கானிக் உடனே மாற்று என்கிறார். டயர் எல்லாம் ரன்ஃப்ளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை), பட்டன் இருக்கிறது ஆனால் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கிறது.

இன்னொன்று, தூக்கம் போனது இதனால்தான். எங்கள் தெருவில் டிங்கரிங் பார்க்கும் ஒருவர் காந்தத்தை எடுத்து வந்து கதவில் வைத்தார், ஒட்டவில்லை. நாலு கதவிலும் ஒட்டவில்லை, பானெட்டிலும் ஒட்டவில்லை. "சார், முழுக்கப் பட்டி, நல்லா ஏமாந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதாவது அடிபட்ட இடத்தைப் பசை பூசி நிரப்பி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம். உண்மையா?

வண்டி நிற்பது தெருவில்தான், கடற்கரையிலிருந்து ரொம்ப தூரமில்லை. காலையில் எழுந்தால் பானெட் மேல் கறுப்பாக ஒரு படலம்.

---

பழைய_டீசல்:

தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்கு. எஃப்10-இல் நாலு கதவும் பானெட்டும் முன்பக்க ஃபெண்டர் இரண்டும் அலுமினியம். காந்தம் ஒட்டினால்தான் பயப்பட வேண்டும். அதே காந்தத்தைக் கூரையிலும் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள குவார்ட்டர் பேனலிலும் வைத்துப் பார், அங்கே இரும்பு, கப்பென்று ஒட்டும். அங்கே ஒட்டவில்லை என்றால் பட்டி என்று பேசலாம். கதவுக்குச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் வேண்டும், அதுவும் அலுமினியத்தையும் படிக்கும் வகை. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் சுற்றி இருக்கும், ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அது மறு பெயிண்ட், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி.

இப்போது பணத்துக்கு வருவோம். உன் மச்சான் பக்கம்தான் நான். செராமிக் கோட்டிங் ஓடிப்போகாது, ஆனால் என்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் அறுந்தால் உன் இரண்டு லட்சமும் அதோடு சேர்ந்து போய்விடும். உன் வண்டியில் இருப்பது என்47 என்ஜின். அதில் செயின் என்ஜினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது, முன்னால் பானெட்டைத் திறந்து கை வைக்கவே முடியாது, மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். 2011-க்கு முன்னால் வந்த வண்டிகளில்தான் இந்தத் தொல்லை அதிகம், பிற்பாடு பாகங்களை மாற்றினார்கள், அதனால் 2013 வண்டிக்கு ரொம்பப் பதற வேண்டாம், ஆனால் கேட்டுப் பார்க்காமல் விடாதே. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீ ஸ்டார்ட் செய்யாதே, வேறு யாரையாவது செய்யச் சொல்லிவிட்டு நீ வெளியே, வண்டியின் நடுப்பக்கம், முன்கதவும் ஃபெண்டரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து நில். டீசல் தட்டும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடியில் ஒரு உலோகம் உரசுகிற மாதிரி, சங்கிலி இழுபடுகிற மாதிரிச் சத்தம் வந்தால், 1,500, 2,000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோகும்போது அது கூடவே வந்தால், மற்ற எல்லாச் செலவையும் நிறுத்து.

சத்தம் இல்லையா, சரி. என்ஜின் ஆயிலை மாற்று. கம்பெனி கணக்கு 25,000 கிலோமீட்டர் வரை போகும், அது ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குச் சரி, மின்ட் பக்கம் சிக்னலில் அரை மணி நேரம் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு 10,000-த்தில் மாற்றுவதுதான் நல்லது. டப்பாவில் எல்எல்-04 (பிஎம்டபிள்யூவின் ஆயில் தரக் குறியீடு) என்று அச்சடித்திருக்க வேண்டும், அது முக்கியம், பிராண்ட் எதுவாக இருந்தாலும் போகட்டும். ஐந்து லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூன்றையும் சேர்த்தே மாற்று. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லில் தேடு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, கடலோரத்தில் காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பெல்ட்டைக் கழற்றும்போது கிராங்க் புல்லியையும் பார்க்கச் சொல். அதன் நடுவில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு, பத்து வருஷத்தில் வெடிப்பு விடும். அது பிய்ந்தால் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

டொக் சத்தம் முன் கன்ட்ரோல் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராடாகத்தான் இருக்கும், நம்ம ரோட்டில் எல்லா எஃப்10-க்கும் வருவது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, இரண்டு பக்கமும் மாற்றிவிட்டு அலைன்மென்ட் செய்.

---

மாதவரம்_டாக்ஸி:

கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடாதீங்க ப்ரோ. நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி, ஆயில் மாற்றினதும் கியர் வழுக்க ஆரம்பிச்சு, கடைசியில் கியர்பாக்ஸே போச்சு, எனக்குத் தெரிந்தவருக்கு நடந்தது. கம்பெனியே வேண்டாம் என்று சொல்லும்போது நாம் ஏன் மேதாவி ஆகணும்?

---

ஸ்பேனர்_செட்:

மாதவரம் அண்ணே, அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது. பாதி கேஸில் ஏற்கெனவே தேய்ந்துபோன பெட்டி, வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்ற ஓடுகிறார்கள், பழி ஆயில் மேல் விழுகிறது. மீதிப் பாதியில் மாற்றிய விதம் தப்பு.

அந்தப் பெட்டி பிஎம்டபிள்யூ செய்தது இல்லை, இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனியின் எட்டு கியர் பெட்டி. செய்தவனே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறான். கார் விற்பவன்தான் 'ஆயுசுக்கும் போதும்' என்கிறான், யாருடைய ஆயுசு என்று சொல்வதில்லை. ரைடரின் வண்டிக்கு வயசும் ஆச்சு, கிலோமீட்டரும் ஆச்சு. மாற்றலாம்.

ஆனால் எங்கே, எப்படி என்பதில்தான் விஷயம். அடியில் இருக்கும் பான் பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்து வரும், தனியாகக் கழற்றிக் கழுவி மாட்டும் கதை கிடையாது, பானையே மாற்ற வேண்டும். பழைய பானில் காந்தம் இருக்கும், அதில் ஒட்டியிருப்பது சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், கையில் குத்துகிற மாதிரி உலோகத் துணுக்கு இருந்தால் பேச்சு வேறு. இந்தப் பெட்டியில் டிப் ஸ்டிக் இல்லை. லெவல் பார்ப்பது ஆயிலின் சூட்டை வைத்து: என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் 30 டிகிரியைத் தாண்டி 50-க்குள் இருக்கும்போது, ஃபில்லர் ஓட்டை வழியாக ஆயில் மெல்ல வழியும் வரைக்கும் ஊற்றி மூட வேண்டும். ஸ்கேனரை மாட்டாமல், "எவ்வளவு இறங்குச்சோ அவ்வளவு ஊத்திட்டேன் சார்" என்று சொல்லும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய ஆயில் ஏற்கெனவே கசிந்து குறைந்திருந்தால் அந்தக் கணக்கே தப்பு.

பான் இறங்கியிருக்கும்போதே மெகட்ரானிக்கின் (பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்) ஒயர் சாக்கெட்டில் இருக்கும் சீலிங் ஸ்லீவையும் மாற்றச் சொல்லுங்கள். சின்ன பாகம், விலையும் அதிகமில்லை, ஆனால் கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ரிவர்ஸ் உதை ஆயிலால் வரலாம், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பராலும் வரலாம், லிஃப்டில் இருக்கும்போது இரண்டையும் பாருங்கள்.

அப்புறம், ஃபுல் ஸ்கேன் ஒன்று கட்டாயம். என்ஜின் மட்டுமில்லை, எல்லா மாட்யூலும். பழுதுக் குறியீட்டோடு அது எத்தனை கிலோமீட்டரில் பதிவானது என்பதும் இருக்கும். மீட்டர் 92,000 சொல்லி, உள்ளே ஏதாவதொரு குறியீடு 1,40,000-த்தில் பதிவாகியிருந்தால் விற்றவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது. பேட்டரி மாற்றும்போதும் ஸ்கேனர் தேவை. டிக்கியில் இருக்கும் அந்த ஏஜிஎம் பேட்டரியைச் சும்மா மாற்றி மாட்டிவிட்டுப் போகக் கூடாது, வண்டியில் புது பேட்டரி என்று பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதுக்கும் கொடுத்து அதையும் சீக்கிரம் முடித்துவிடும்.

---

எண்ணூர்_கரி:

மேலே சொன்ன எல்லாம் தி.நகரில் இருப்பவனுக்கும் பொருந்தும். ராயபுரம் தெருவில் நிற்கும் வண்டிக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் என் வண்டி எண்ணூரில் நிற்கிறது, இதைவிட மோசம்.

காலையில் பானெட் மேல் இருக்கும் அந்தக் கறுப்புப் படலத்தைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011-லேயே நீதிமன்ற உத்தரவால் நின்று எண்ணூர் பக்கம் வந்துவிட்டது, உங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் லாரிப் புகையும் டயர்த் தூசியும் மணலும் உப்பும் கலந்தது. எதுவாக இருந்தாலும் காய்ந்த துணி அதை உப்புத்தாள் மாதிரி இழுக்கும். வாசலில் வாளியோடு வரும் பையன் ஒரே துணியில் தெருவில் இருக்கும் பத்து வண்டியையும் துடைப்பான், அதை முதலில் நிறுத்துங்கள். கருநீலத்தில் சூரியன் பட்டதும் வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறதா? அதன் பிறப்பிடம் அந்தத் துணிதான். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஓட விட்டுத் தூசியை இறக்குங்கள், அப்புறம் ஷாம்பு, அப்புறம்தான் கை வைப்பது.

தண்ணீரும் பிரச்சினை. நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு, வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுந்து பெயிண்ட்டின் மேல்பூச்சான கிளியர் கோட்டைக் கடித்துவிடும், பாலிஷ் போட்டாலும் சில புள்ளி போகாது. மெட்ரோ தண்ணீரில் கழுவுங்கள், நிழலில், உடனே மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். வீணாகிறதே என்று ஆர்ஓ மெஷினின் வேஸ்ட் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் மோசம்தான், வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஏசி விஷயம். ஓடினால் ஜில், நின்றால் சூடு என்றால் கேஸ் போட ஓடாதீர்கள். நிற்கும்போது காற்றை இழுப்பது ஃபேன், அந்தக் காற்று போவது கண்டென்சர் வழியாக. முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டென்சர் இறக்கைகள் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தால் உப்புக் காற்று வேலை, மாற்ற வேண்டியதுதான். நன்றாக இருந்தால் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி அடைத்திருக்கும். முன் பம்பரை இறக்கி, மெதுவான தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட்டால் சேறு மாதிரி கொட்டும். பிரஷர் கன்னை நேராக அடித்தால் இறக்கை எல்லாம் மடங்கிவிடும். கேபின் ஃபில்டர் இதில் இரண்டு, பானெட்டுக்குள் கண்ணாடி ஓரமாக வலது, இடது. ஒன்றை மட்டும் மாற்றி இரண்டுக்கும் பில் போடுவது நடக்கும், பழைய இரண்டையும் கையில் வாங்குங்கள்.

அடிப்பக்கம் ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொல்வார்கள். இப்போது வேண்டாம். ஏற்கெனவே துரு இருந்தால் அதை மூடி வைத்து உள்ளே சாப்பிட விடுவது மாதிரி ஆகும். லிஃப்டில் ஏற்றி சப்ஃபிரேம் போல்ட், பிரேக் பைப், சைலன்சர் ஃபிளாஞ்ச், எர்த் ஒயர் போல்ட் இவற்றைப் பார்த்து, துருவைச் சுரண்டிவிட்டு மெழுகு வகை ஸ்பிரே அடித்தால் போதும். அப்புறம் மாதம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள்.

---

பெரம்பூர்_லோகோ:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரமும் எறாவும் வாங்கி ஐஸோடு பாலிதீன் பையில் கட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு வராதே நைனா. நாத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கும், அந்த வண்டியில் பேட்டரி மட்டுமில்லை, ஃபியூஸ், ஒயர் எல்லாம் டிக்கி பக்கம்தான். மூடி உள்ள பெட்டியில் வை, இல்லாவிட்டால் ஸ்கூட்டரில் போ.

---

ராயபுரம்_ரைடர்:

லோகோ அண்ணே, அது ஏற்கெனவே ஒரு தடவை நடந்தாச்சு என்று நினைக்கிறேன், பழைய ஓனர் புண்ணியத்தில். டிக்கி தரையைத் தூக்கினால் ஒரு மூலையில் கறை. இதை வெள்ளத்தில் நின்ற வண்டி என்று எடுத்துக்கொள்வதா?

கூரையில் காந்தம் ஒட்டியது! தெருவே கூடி நின்று பார்த்தது. டிங்கரிங்காரர் இன்னும் நம்பவில்லை.

டயர், உட்புறம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

பழைய_டீசல்:

டிக்கி மூலையில் மட்டும் கறை என்றால் டெயில் லைட் ஓரத்து ரப்பர் வழியாகவோ டிக்கி பீடிங் வழியாகவோ மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம், ஹோஸ் பைப்பால் அடித்து உள்ளே ஒருவரை டார்ச்சோடு பார்க்கச் சொல். வெள்ளம் என்றால் வேறு இடத்தில் தெரியும். முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பிடி, அடியில் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பார். சீட் தண்டவாளத்தில், அதன் போல்ட் தலையில் துரு இருக்கிறதா பார். மேல் கார்ப்பெட்டைக் கழுவி மாற்றிவிடுவார்கள், அதற்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்சை யாரும் மாற்றுவதில்லை, அழுத்தி மோந்து பார். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் இந்த ஊரில் எத்தனை வண்டியைக் குளிப்பாட்டியது என்று எல்லோருக்கும் தெரியும், அவை எல்லாம் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சன்ரூஃப் இருந்தால் அதன் நாலு மூலையிலும் வடிகால் குழாய் உண்டு, தூசி அடைத்தால் தண்ணீர் சீட்டுக்கு வரும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரியும். குச்சியை விட்டுக் குத்தாதே, உள்ளே குழாய் கழன்றுவிடும்.

டயரில் நாலு எண் கொண்ட ஒரு முத்திரை இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு ஏழு வருஷம் தாண்டிய டயரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், அதுவும் நம்ம வெயிலில். ரன்ஃப்ளாட்டுக்குப் பதில் சாதாரண டியூப்லெஸ் போட்டால் குழியில் இடிப்பது பாதி குறையும், ஆனால் ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டும். ராத்திரி மணலி ரோட்டில் டயர் வெடித்து நின்றால் அங்கே யார் வருவார்?

---

வாஷர்மேன்பேட்டை_பாலிஷ்:

உட்புறம் என் தொழில், அதனால் வருகிறேன். ஸ்டியரிங் பளபளவென்று இருக்கிறதா? அது தேய்மானம் இல்லை, பல வருஷக் கை எண்ணெயும் அழுக்கும். நல்ல லெதர் பளபளக்காது, மங்கலாகத்தான் இருக்கும். லெதர் கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் நுரையாக எடுத்து, ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்த்து, நுரை பழுப்பானதும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் அடியில் இருக்கும் பழைய நிறம் தெரியும், ஒவ்வொரு சாணாக முழு வட்டமும் வர வேண்டும். சீட்டும் அப்படியே. டாஷ்போர்டிலும் லெதரிலும் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஐப்பசி மழையில் அதன் மேல் பூஞ்சை பிடித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். பெல்ட் மெதுவாகச் சுருண்டால் ஸ்பிரிங் போச்சு என்று நினைக்காதீர்கள், முழுக்க வெளியே இழுத்துக் கிளிப் போட்டு நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.

ஹெட்லைட்டை 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்து பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆனால் மேலே யூவி கோட்டிங்கோ ஃபிலிமோ ஒட்டாமல் விட்டால் அடுத்த கோடைக்குள் மறுபடியும் மஞ்சள். சாலையோரத்தில் டூத்பேஸ்ட்டால் செய்கிறவனிடம் விடாதீர்கள்.

செராமிக் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சோறு போடுவது அதுதான். ஆனால் கோடுகளை எடுக்காமல் அதன் மேல் கோட்டிங் போட்டால் கோடுகளையும் சேர்த்து மூடி வைப்பதுதான். கோடு எடுப்பது என்றால் கிளியர் கோட்டைக் கொஞ்சம் குறைப்பது, அதனால் மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் மெஷின் வைக்க வேண்டும். அளக்காமல் ரேட் சொல்கிறவரிடம் போகாதீர்கள், நானாக இருந்தாலும் சரி.

---

ஸ்பேனர்_செட்:

பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டை பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மிரர் கவர், உள் பிளாஸ்டிக், சுவிட்ச், டோர் ஹேண்டில், இதெல்லாம் அங்கே தேடலாம், பில் வாங்கிக்கொண்டு. பிரேக், ஷாக் அப்சார்பர், ஏர்பேக், எந்த ரப்பரும் அங்கே வாங்காதீர்கள். வாங்கும் முன் உங்கள் சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தைப் பாகப் பட்டியலில் போட்டு, சரியான பார்ட் நம்பரை எழுதி எடுத்துப் போங்கள். அதே வருஷத்து 520டி-யிலேயே பாகம் மாறும்.

---

மாதவரம்_டாக்ஸி:

ஆயில் விஷயம் நீங்க ஜெயிச்சீங்க, விடுங்க. ஆனால் இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றியாச்சா ரைடர்? வண்டி கைமாறி 14 நாளுக்குள் பாலிசியை மாற்ற மனு கொடுக்கணும். ஆர்சி உங்கள் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில் இருந்து வண்டி இடித்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா கேட்க முடியாது. மாற்றும்போதே என்ஜின் புரொடெக்ட் (தண்ணீர் புகுந்து என்ஜின் போனால் கொடுப்பது) சேருமா என்று கேளுங்கள், இந்த வயசு வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் கொடுக்காது. கொடுக்கவில்லை என்றால் மழையில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சப்வே பக்கம் தலைவைத்துப் படுக்காதீங்க. தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது, உள்ளே தண்ணீர் இழுத்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்படியே விட்டுவிட்டு டோ பண்ணுங்க.

---

ராயபுரம்_ரைடர்:

பாலிசி மாற்றவில்லை, நாளைக்கே அதுதான் முதல் வேலை. சனிக்கிழமை லிஃப்ட் சொல்லியாச்சு, ஸ்கேன், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், புஷ், கண்டென்சர் சுத்தம். செயின் சத்தம் காலையில் மச்சானை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்டேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அடுத்த தெரு மசூதி ஸ்பீக்கரும் பால் வண்டியும் ஒரே நேரத்தில். சனிக்கிழமை மெக்கானிக்கையும் கேட்கச் சொல்கிறேன். கியர்பாக்ஸ் ஆயில் அடுத்த மாதம், பான் ஆர்டர் போட்டு வர வேண்டுமாம்.

---

ஸ்பேனர்_செட்:

பான் வரும்போது போல்ட்டும் புதுசு சேர்த்து ஆர்டர் போடுங்கள், பழையதைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் முழுசாக இங்கே போடுங்கள், சேஸிஸ் நம்பரை மட்டும் மறைத்துவிட்டு.